ஒரு வாளி வெயிலு

வாம்மா, உட்காரு. மாடி போர்ஷன் பார்க்கத்தானே வந்திருக்கே? புரோக்கர் போன்ல சொன்னான். காட்டறேன், வீடு எங்கேயும் ஓடிடப் போறதில்ல. இந்த வெயில்ல கொரட்டூர் ஸ்டேஷன்லேர்ந்து நடந்தா வந்தே? முதல்ல ஃபேனுக்குக் கீழ உட்காரு. தண்ணி தரேன். பாதி டம்ளர் போதும்ல? சில பேர் முழுசா வாங்கிட்டு மிச்சம் வெச்சிடறாங்க, அதான் கேட்டேன்.

அது என்ன பை, இவ்வளவு நீளமா? குடையா. சரி சரி. தப்பா நினைச்சுக்காதே. பாட்டு பாடற பழக்கம், எதையாவது தட்டற பழக்கம் உண்டா? இல்லைன்னா சந்தோஷம். உனக்கு முன்னாடி மேல மூணு பசங்க இருந்தானுங்க. அவனுங்க செஞ்ச துரோகத்துக்கு அப்புறம் யார் வீடு பார்க்க வந்தாலும் நான் இதைத்தான் முதல்ல கேக்கறேன்.

ஆமாம்மா, துரோகம்தான். அதுக்கு வேற வார்த்தை இல்ல. வாடகையெல்லாம் ஒழுங்கா குடுத்துடுவானுங்க, அதுல குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். ஒருத்தன் பேரு பரிதி. மத்த ரெண்டு பேர் பேரு எனக்கு வாயில நுழையாது, தாடிக்காரன், கண்ணாடிக்காரன்னுதான் சொல்வேன். மூணு பேருக்கும் ஆபீஸ் வேலை. சனி ஞாயிறு ஆனா கிட்டாரை வெச்சு டொய்ங் டொய்ங்னு ஏதோ பண்ணிட்டிருப்பானுங்க. "சொந்தமா பாட்டு போடறோம் அங்கிள்"னானுங்க. சினிமாவுக்கான்னு கேட்டேன். இல்லையாம். இவனுங்களே எழுதி, இவனுங்களே பாடி, இவனுங்களே போன்ல ஏத்தி விடுவானுங்களாம். அதுக்கு மேல நான் கேட்டுக்கல. சத்தம் கீழ வரக்கூடாது, தண்ணி வீணாகக் கூடாது. என் கண்டிஷன் இந்த ரெண்டுதான். உனக்கும் இதேதான்.

தண்ணி விஷயத்தை இப்பவே சொல்லிடறேன். போர் தண்ணி. மோட்டர் சுவிட்சுக்கு ஒரு மரப்பெட்டி அடிச்சுப் பூட்டு போட்டிருக்கேன். காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, நானே போடுவேன். டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு கம்பால தட்டிப் பார்த்தே சொல்லிடுவேன், மூடியைத் திறக்கவே வேண்டாம். இதுக்காக என்னைக் கஞ்சன்னு சொல்றவங்க இருக்காங்க. சொல்லட்டும். இந்தத் தெருவுல எல்லா போரும் வத்தின வருஷம் லாரிக்குப் பின்னாடி குடத்தைத் தூக்கிட்டு ஓடினவன் நான். எங்க வீட்ல, அதான் என் சம்சாரம் குமுதா, அந்தக் கூட்டத்துல விழுந்து கையை உடைச்சுக்கிட்டா. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனிமே இந்த வீட்ல ஒரு சொட்டுன்னாலும் என் கையைத் தாண்டித்தான் போகணும்னு. அது தப்பா? நீயே சொல்லு. சரி, சொல்ல வேண்டாம், நீ வீடு பார்க்க வந்தவ.

விஷயத்துக்கு வரேன். இந்தச் சித்திரை ஆரம்பத்துல முடி வெட்டிக்கப் போயிருந்தேன். சலூன்காரன் போன்ல ஒரு பாட்டு ஓடுது. நான் பாட்டு கேக்கற ஆள் இல்லம்மா. கம்பெனியில ஸ்டோர்ஸ் சூப்பர்வைசரா இருந்தவன், எனக்குத் தெரிஞ்ச ஒரே பாட்டு ஷிஃப்ட் சங்குதான். ஆனா அந்தப் பாட்டு என்னமோ பண்ணிடுச்சு. முதல்ல டொக்கு டொக்கு, டொக்குடொக்கு டொக்குன்னு ஒரு தட்டு. அதுக்கு மேல கிட்டார் வருது. அப்புறம் கைதட்டல். நான் சலூன் நாற்காலியில போர்வையைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், உள்ள என் கால் தானா ஆடுது. "சார், ஆடாதீங்க, காது போயிடும்"கறான் அவன்.

இப்படி வரும்:

"ஒரு வாளி வெயிலெடுத்து ஊத்திக்கோ தலையில
குழாயத் தொறந்தா காத்து வரும், குளிச்சுக்கோ அதுல"

எப்படி இருக்கு? வெயில்ல வெந்துபோய் உட்கார்ந்திருக்கோம், அந்த வெயிலையே எடுத்து ஊத்திக்கோன்னு சிரிச்சுக்கிட்டே பாடறானுங்க. கேட்டாலே உடம்பு கொஞ்சம் குளுந்த மாதிரி இருந்துது. யார் பாட்டுன்னு கேட்டேன். 'ஈரத்துண்டு'ன்னு ஒரு கோஷ்டியாம், ஊர் பூரா இதைத்தான் கேக்கறாங்களாம். அங்கேயே என் போன்ல ஏத்தி, ரிங்டோனாவும் வெச்சுக் குடுன்னு சொல்லிட்டேன்.

பாட்டு ஒரு ஹவுஸ் ஓனரைப் பத்தினது. தண்ணி விடாத ஒரு கஞ்சப்பயல். ரெண்டாவது அடி கேளு:

"தலையாணிக்குக் கீழ பாரு தண்ணித்தொட்டி சாவி
தட்டித் தட்டிக் கேக்குறாரு தாகமில்லாப் பாவி"

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. இப்படியும் ஒருத்தன் இருப்பானான்னு. எனக்கு உடனே எதிர்வீட்டு கஜபதி ஞாபகம்தான் வந்துது. அச்சு அசலா அவன்தான். நேரா அவன் வீட்டுக்குப் போய், "உங்களைப் பத்தி பாட்டே வந்துடுச்சு, கேளுங்க"ன்னு போட்டுக் காட்டினேன். மனுஷன் முழுசும் கேட்டான். கேட்டுட்டு, "எங்க வீட்ல நாள் பூரா தண்ணி வருதே ஏகாம்பரம், நான் எதுக்குச் சாவி வெச்சுக்கப் போறேன்?"னான். உண்மையைச் சொன்னா எல்லாருக்கும் சுருக்குன்னுதான் இருக்கும். வருத்தப்படாதீங்கன்னு முதுகைத் தட்டிட்டு வந்தேன்.

நீ என்ன நினைக்கறேன்னு தெரியுது. முகத்துலயே இருக்கு. ஆமா, என் சாவியும் தலையாணிக்குக் கீழதான் இருக்கும். ஆனா அது பத்திரத்துக்கும்மா. பாட்டுல வர்றவன் வெச்சுக்கறது கஞ்சத்தனத்துக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?

அந்தப் பாட்டை நான் அனுப்பாத ஆள் கிடையாது. ஓசூர்ல இருக்கற என் பையனுக்கு அனுப்பினேன், சிரிக்கற பொம்மையா வரிசையா அனுப்பினான். கம்பெனி பழைய ஆளுங்க குரூப்ல போட்டேன். காலையில வாக்கிங் போறப்போ சத்தமா வெச்சுக்கிட்டுப் போவேன். இஸ்திரி வண்டிக்காரம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கும். காய்கறிக்காரன் சிரிப்பான். பார்த்தியா, ஒரு பாட்டு ஒரு தெருவையே எப்படிச் சந்தோஷமா வெச்சிருக்குன்னு நினைச்சுப்பேன். நல்லநாள் வாழ்த்து தவிர வேற எதையும் நான் யாருக்கும் அனுப்பினதில்லம்மா. முதல் தடவையா நானே ஒண்ணைக் கண்டுபிடிச்சு, நாலு பேருக்குக் குடுத்து, நாலு பேரும் நல்லா இருக்குன்னாங்க. அது ஒரு தனி சந்தோஷம்தான். இல்லைங்கல.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, மேல இருந்த அந்தப் பசங்களையே கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். இதோ, நீ உட்கார்ந்திருக்கற சோபாவுலதான் மூணு பேரும் வரிசையா உட்கார்ந்திருந்தானுங்க. "ரெண்டு வருஷமா நீங்களும்தான் டொய்ங் டொய்ங்னு பண்றீங்க. பாட்டுன்னா இப்படிப் போடணும்டா. இந்த டொக்கு டொக்கு கேளு, யார் வாசிச்சானோ, கையில தங்கக் காப்பு போடணும்"னேன். தாடிக்காரன் தரையைப் பார்க்கறான். கண்ணாடிக்காரன் இருமறான். பரிதிதான் மெதுவா, "முயற்சி பண்றோம் அங்கிள்"னான். எவ்வளவு அடக்கமான பையன்னு நினைச்சு, அன்னைக்கு அவனுங்களுக்கு மோட்டர் கொஞ்சம் கூடவே போட்டு விட்டேன். மெனக்கெட்டு மாடி ஏறிப்போய் குளிச்சீங்களாடான்னு கேட்டுட்டு வந்தேன்.

குமுதா கிட்டேயும் போட்டுக் காட்டினேன். அவ அடுப்படியில கொத்தவரங்கா ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. பாட்டு முடியற இடத்துல எல்லாச் சத்தமும் நின்னுடும். அந்த டொக்கு டொக்கு மட்டும் இருக்கும். அதுக்கு மேல ஒரு பொம்பளைக் குரல் வரும். ஒரே வரி.

"ஒரு நாளாச்சும் நனையணும், ஒரேயடியா நனையணும்."

அவ்வளவுதான். அதையே மூணு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேல போய்ப் பாடும். அந்த இடம் வரும்போது நான் போனைக் காதுகிட்ட கொண்டுபோயிடுவேன். "யாரோ இருபது வயசுப் பொண்ணா இருக்கும் குமுதா. என்ன ஆசையாப் பாடுது பாரு"ன்னேன். அவ கையில இருந்த கொத்தவரங்கா அப்படியே நின்னுபோச்சு.

"நல்லா இருக்கா?"ன்னா.

"அருமையா இருக்கு."

"நிஜமாவா?"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? ஒரு தடவை கேட்டா மனசு நிக்க மாட்டேங்குது."

"இன்னொரு தடவை போடுங்க"ன்னா. போட்டேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வடை போட்டா. எதுக்கு வடைன்னு கேட்டேன், தோணுச்சுன்னா. அப்பவே சொல்லியிருக்கலாம்ல? நீயே சொல்லும்மா. அந்த நிமிஷம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

சொல்லல. எவனும் சொல்லல.

வைகாசியில ஆவடியில குமுதாவோட தம்பி தேவராஜ் பொண்ணுக்கு வளைகாப்பு. மண்டபம் நிறைய ஜனம். நான் முன்வரிசையில உட்கார்ந்திருக்கேன். எவனோ எனக்குப் போன் பண்றான், பையிலேர்ந்து டொக்கு டொக்குன்னு பாட்டு கிளம்புது. சுத்தி இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கறாங்க. நானும் சிரிக்கறேன். போனை எடுக்காம கொஞ்ச நேரம் ஓடட்டும்னு விடறேன். தேவராஜ் வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். கண்ணு கலங்கியிருக்கு அவனுக்கு.

"மாமா, நான் உங்களை என்னமோன்னு நினைச்சிருந்தேன். மனுஷன்னா நீங்கதான். உங்களைக் கிண்டல் பண்ணி எழுதின பாட்டு. அதையே ரிங்டோனா வெச்சுக்கிட்டு, என் பொண்டாட்டி பாடினதுன்னு ஊர் பூரா பெருமையா அனுப்பறீங்களே. அக்காவுக்கு இந்த வயசுல இப்படி ஒரு சந்தோஷம் குடுத்தீங்க பாருங்க. வேற எந்தப் புருஷன் செய்வான்?"

அவன் நல்ல மனசோடதான் சொன்னான். அதுதான் கொடுமை. குத்தணும்னு சொல்லியிருந்தா நானும் திருப்பிக் குடுத்திருப்பேன்.

எந்த அக்கான்னு கேட்டேன். எனக்கு எத்தனை அக்காங்கற மாதிரி பார்த்தான்.

திரும்பிப் பார்க்கறேன். குமுதா அந்தப் பொண்ணுக்குக் கன்னத்துல சந்தனம் தடவிக்கிட்டிருக்கா. கை பூரா வளையல். என்னைப் பார்த்தா. நான் பார்த்த பார்வையிலயே அவளுக்குப் புரிஞ்சுபோச்சு, எனக்கு இதுவரைக்கும் தெரியாதுன்னு. ஏன்னா அவளும் எனக்குத் தெரியும்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தாளாம். முதல் நாள் தெரியாது, அப்புறம் எப்படியும் கண்டுபிடிச்சிருப்பார், கண்டுபிடிச்சும் அருமைன்னு சொல்லிட்டுத் திரியறார்னு. அப்படியாம். எப்படிம்மா கண்டுபிடிக்க முடியும்? அவ பாடி நான் கேட்டதே இல்லையே.

பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு அவங்க வீட்ல பாடச் சொன்னாங்க. அவளும் சுருதிப் பெட்டியை வெச்சுக்கிட்டு ரெடியா உட்கார்ந்தா. நான்தான் வேண்டாம்னேன். பொண்ணை உட்கார வெச்சுப் பரீட்சை வெக்கறது எனக்குப் பிடிக்காது. அந்தக் காலத்துல எந்த மாப்பிள்ளை அப்படிச் சொன்னான்? எனக்குப் பாட்டெல்லாம் வேண்டாம், பெட்டியை உள்ள எடுத்து வெச்சுடுங்கன்னு நானே சொன்னேன். அந்தளவுக்கு மரியாதை குடுத்தவனைத்தான் இப்படிப் பண்ணியிருக்கா.

மண்டபத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துதும்மா. என் பையனுக்குத் தெரியும். இஸ்திரி வண்டிக்குத் தெரியும். கஜபதிக்குத் தெரியும். பாவி, அவன் வீட்டுக்கே போய் முதுகைத் தட்டிட்டு வந்தேனே. நான் சிரிக்க வெச்சேன்னு நினைச்ச ஜனம் பூரா என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கு.

இலையில உட்காராம கிளம்பி வந்துட்டேன். அந்த 'ஈரத்துண்டு' கோஷ்டியே மேல இருக்கறவனுங்கதான்னு மண்டபத்துலயே காதுல விழுந்துடுச்சு, வந்து நேரா மாடிக்கு ஏறினேன். மூணு பேரும் இருந்தானுங்க. டொக்கு டொக்கு என்னதுடான்னு கேட்டேன். என் கம்புதானாம். நான் டேங்கைத் தட்டும்போது படிக்கட்டுல போனை வெச்சுப் பதிவு பண்ணியிருக்கானுங்க. என் கைம்மா அது. தங்கக் காப்பு போடணும்னு சொன்னேனே, அந்தக் கை. தலையாணி சமாச்சாரம் யார் சொன்னதுன்னு கேட்டேன். பரிதி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஆன்ட்டிதான் ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க"ன்னான். "அந்தக் கடைசி வரி அவங்களே எழுதினது அங்கிள். எங்களுக்கு அதுதான் பாட்டே. மத்ததெல்லாம் சும்மா"ன்னான்.

அவ எப்போ மேல போனான்னு கேக்கறியா? நான்தான் அனுப்பினேன். குழாயை ஒழுங்கா மூடறானுங்களா, பக்கெட் வழியுதா, போய்ப் பார்த்துட்டு வான்னு தினம் நானே அனுப்புவேன். போனா லேசுல வர மாட்டா. என்ன இவ்வளவு நேரம்னா, எல்லாக் குழாயையும் பார்த்தேன்னு சொல்வா. எவ்வளவு பொறுப்புன்னு நினைச்சுப்பேன்.

பசங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். அவனுங்களும் மறுபேச்சு பேசல. போகும்போது குளியலறையெல்லாம் கழுவி விட்டுட்டுப் போயிருக்கானுங்க, எவ்வளவு தண்ணி செலவாச்சோ.

குமுதா வரல. வளைகாப்பு முடிஞ்சு தம்பி வீட்லயே தங்கிட்டா. சண்டையெல்லாம் இல்லம்மா, எங்களுக்குள்ள சண்டையே வராது. நான் சொல்வேன், அவ கேப்பா. அவ்வளவுதான். இந்தத் தடவை தேவராஜ்தான் நடுவுல வந்து பேசினான். அக்கா வரேன்னு சொல்றாங்க மாமா, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்கன்னான். நான் கூட மோட்டர் சாவியைக் கேப்பாளோன்னு நினைச்சேன். அது இல்ல. "ஊர்ல எல்லார்கிட்டயும் நல்லா இருக்குன்னு சொன்னாரே, நான்தான்னு தெரிஞ்ச அப்புறம் என்கிட்ட ஒரு தடவை சொல்லட்டும். அன்னைக்கே பஸ் ஏறிடறேன்." அவ்வளவுதான் அவ கேட்டது.

சுலபமா சொல்லிடலாம்னு உனக்குத் தோணும். எப்படிம்மா சொல்றது? பாட்டு நல்லா இருக்குன்னு சொன்னா, அந்தத் தாகமில்லாப் பாவி நான்தான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகாதா? நல்லா இல்லைன்னு சொன்னா பொய். குரல் மட்டும் நல்லா இருக்குன்னு சொல்லிப் பார்க்கலாம்னு நினைச்சேன். போனை எடுத்தா அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்னுடுது. இத்தனை வருஷத்துல சாம்பார் நல்லா இருக்குன்னு கூட சொன்னதில்ல. சாப்பிட்டா தெரியாதா, தனியா வேற சொல்லணுமா?

அதுவும் அவ என்ன பண்ணி வெச்சிருக்கா தெரியுமா? அவ போனுக்கு நாம கூப்பிட்டா மணி அடிக்காது, இந்தப் பாட்டுதான் ஓடும். காலர் ட்யூன். தேவராஜ் பொண்ணு வெச்சுக் குடுத்திருக்கு. என் போன்லேர்ந்து பாட்டை எடுத்துட்டேன், ரிங்டோனை எடுத்துட்டேன், குரூப்ல போட்டதைக் கூட அழிச்சுட்டேன். பேசணும்னா மட்டும் இதைக் கேட்டே ஆகணும்.

இல்லம்மா, தினம் கூப்பிடறேன். கூப்பிடாம இருப்பேனா? காலையில மோட்டர் போட்டுட்டு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. இரு, இப்போ கூட கூப்பிடலாம். நீ வந்திருக்கேன்னு சொல்லணும்ல, மாடிக்கு ஆள் வெக்கறதுன்னா அவளையும் ஒரு வார்த்தை கேக்கணும். ஸ்பீக்கர்ல போடறேன். ஃபேனைக் கொஞ்சம் குறைச்சுக்கறேன், சத்தம் சரியா கேக்காது.

பார், டொக்கு டொக்கு. நான்தான் அது. கைதட்டு வருது. இப்போ ஒரு வாளி வெயிலு. இரு, இன்னும் இருக்கு. தலையாணி போச்சு, இந்தா, இப்போ எல்லாச் சத்தமும் நிக்கும் பாரு. இதுக்கப்புறம்தான்...

ஹலோ. ம். நான்தான். ஒண்ணுமில்ல. மேல வீடு பார்க்க ஒரு பொண்ணு வந்திருக்கு. நல்ல பொண்ணாத்தான் தெரியுது. ம். சாப்பிட்டேன். இல்ல, வேற ஒண்ணுமில்ல. சொல்றதுக்கு என்ன இருக்கு. சும்மாதான். ம். வெச்சிடறேன்.

என்னம்மா அப்படிப் பார்க்கறே? எப்பவும் இப்படித்தான். அவ பாடற இடம் வரதுக்குள்ள அவளே எடுத்துடறா. கொஞ்சம் பொறுத்து எடுத்தா என்னவாம்? இரு, வீட்டை அப்புறம் பார்க்கலாம். இன்னொரு தடவை போடறேன், சத்தம் போடாம கேளு.